ஒரு லிட்டர் குவளையோடு கதவைத் தட்டுங்கள்

தண்ணீர்ச் சிக்கனத்தைப் பற்றி அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டால், வருகிறவர்கள் ஏற்கெனவே சிக்கனமாக இருப்பவர்கள்தான். குழாயைத் திறந்துவிட்டுக் கைப்பேசியில் பேசுகிற வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள். மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டும் சுவரொட்டி முதல் வாரம் கண்ணில் படும், இரண்டாம் வாரம் சுவரோடு சுவராகிவிடும். வசிப்போர் குழுக்களிலும் சமூகத் தோட்டங்களிலும் இந்த வேலையைத் தொடர்ந்து செய்கிற தொண்டூழியர்கள் கண்டுகொண்டது ஒன்று உண்டு. தன் வீட்டுக் குழாயில், தன் மீட்டரில், தானே பார்த்த எண்தான் ஒருவரின் பழக்கத்தை மாற்றுகிறது. ஆகவே அண்டைவீட்டார் குழுவின் முதல் வேலை, அந்த எண்ணை அவரவர் கையாலேயே எடுக்க வைப்பது.

பெரிய எண்களைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் செலவிடும் நீர் 2003இல் நாளொன்றுக்கு 165 லிட்டராக இருந்தது. 2019இல் 141க்கு இறங்கியது. கொவிட் காலத்தில் எல்லாரும் வீட்டிலேயே இருந்ததால் 2020இல் 154க்கு ஏறி, 2023இல் மறுபடி 141க்கு வந்தது. 2030க்குள் 130 என்பது இலக்கு. இடைவெளி 11 லிட்டர். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஊற்றும் குளியல் குழாயின் கீழ் இரண்டு நிமிடம் குறைவாக நின்றால் அந்த 11 லிட்டர் கிடைத்துவிடும். இப்படிச் சொன்னால்தான் வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிகிறது. '130 லிட்டர்' என்று மட்டும் சொன்னால் யாருக்கும் அதன் அளவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

கதவைத் தட்டுவதற்கு முன்

ஒரு புளோக்கில் 100, 120 வீடுகள் இருக்கலாம். அத்தனையையும் ஒரே வார இறுதியில் முடிக்க நினைத்தால் வேலை பாழாகிவிடும். இருவர் கொண்ட அணி ஒரு மாலையில் ஆறு முதல் எட்டு வீடுகளைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். வீட்டுக்கு 20 நிமிடம் பிடிக்கும். இரவு ஏழரையிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம். அதற்கு முன் போனால் அடுப்பில் வேலை இருக்கும், பிந்தினால் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். அணியில் ஒருவராவது அந்தத் தளத்திலேயே வசிப்பவராக இருக்கவேண்டும். தெரிந்த முகத்தைக் கண்டால்தான் இரும்புக் கதவு திறக்கும்.

மோசடிக்காரர்களைப் பற்றிய பயம் இப்போது எல்லாருக்கும் இருக்கிறது, அந்தப் பயம் நியாயமானதும்கூட. அதிகாரி என்று சொல்லிக்கொண்டு வந்து தண்ணீர் வடிகட்டி விற்கப் பார்ப்பவர்களும் உண்டு. அதனால் வருகிற நாளையும் நேரத்தையும் ஒரு வாரத்துக்கு முன்பே நான்கு மொழிகளிலும் அறிவிப்புப் பலகையில் போடுங்கள். எதையும் விற்கவேண்டாம். அடையாள அட்டை எண், சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளக் கணக்கு), வங்கி விவரம் எதையும் கேட்கவேண்டாம். கட்டணச் சீட்டைப் படம் எடுக்கவும் வேண்டாம். எண்ணை அவர்களையே வாசித்துச் சொல்லச் சொன்னால் போதும்.

பையில் இருக்கவேண்டியவை: அளவுக் கோடுள்ள ஒரு லிட்டர் பிளாஸ்டிக் குவளை, கைப்பேசி, கழிவறைத் தொட்டிக் கசிவைச் சோதிக்கச் சிவப்பு அல்லது நீல உணவு வண்ணம், சிறிய டார்ச், நீரின் வேகத்தைக் குறைக்கக் குழாயில் செருகும் நீர்ச் சிக்கன வளையங்கள், மரையில் சுற்றும் வெள்ளை டேப், வாய் அகலம் மாற்றக்கூடிய ஸ்பானர், தரை துடைக்க ஒரு துணி. வண்ணத்துக்குப் பதிலாக மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். தூள் அடியில் தங்கி ரப்பர் வளையத்தில் ஒட்டும், கறையும் எளிதில் போகாது.

பேச்சை எங்கே தொடங்குவது என்று புதிய தொண்டூழியர்கள் தடுமாறுவார்கள். நாட்டுநிலையையும் பருவநிலையையும் வாசலில் நின்று விளக்கவேண்டாம். "அக்கா, உங்கள் குளியலறைக் குழாய் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு ஊற்றுகிறது என்று பார்த்துவிடலாமா? இரண்டு நிமிட வேலைதான்" என்றால் போதும், பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். வயதானவர்கள் இருந்தால் அவர்களைப் பேச விடுங்கள். 1963 ஏப்ரலிலிருந்து 1964 பிப்ரவரிவரை இங்கே தண்ணீர்ப் பங்கீடு இருந்தது. வாளியோடு வரிசையில் நின்றதை அவர்கள் சொன்னால் வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். வெளியிலிருந்து வந்தவர் சொன்னால் அந்த அளவுக்குக் காதில் ஏறாது.

குவளைச் சோதனை

குழாயை வழக்கமாகத் திறக்கும் அளவுக்கு அவர்களையே திறக்கச் சொல்லுங்கள். தொண்டூழியர் கையை வைத்தால் முழுதாகத் திறந்துவிடுவார், எண் பொய்யாகிவிடும். நீர் ஓடத் தொடங்கியபின் குவளையை அடியில் நீட்டி, கடிகாரத்தை அழுத்தி, ஒரு லிட்டர் கோட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். 60ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 5 வினாடியில் நிரம்பினால் 12 லிட்டர். 10 வினாடி என்றால் 6. 15 வினாடி என்றால் 4. குளியல் குழாயின் நீர் சிதறும் என்பதால் அதற்கு வாளிதான் சரி: 30 வினாடி பிடித்து, குவளையால் அளந்து, இரண்டால் பெருக்குங்கள்.

நாம் வைத்துக்கொள்ளும் அளவுகோல் இது: சமையலறைக் குழாய் நிமிடத்துக்கு 6 லிட்டருக்குள், கைகழுவும் குழாய் 4க்குள், குளியல் குழாய் 7க்குள். 5 லிட்டர் வருகிற குளியல் குழாயிலும் தலைக்குக் குளிக்கலாம், ஒரு குறையும் இல்லை. வீட்டு நீரில் கால்பங்குக்கு மேல் குளியலுக்கே போகிறது. ஆகவே நேரம் குறைவாக இருந்தால் மற்றக் குழாய்களை விட்டுவிட்டுக் குளியலறைக்குப் போங்கள்.

ஒரே புளோக்கில் ஒரே வகை வீடுகளிலும் எண்கள் வேறுபடும். கூரைத் தொட்டிக்கு நேர் கீழே உள்ள தளங்களில் அழுத்தம் குறைவாக இருக்கும், அந்தத் தொட்டியிலிருந்து நீர் பெறும் கீழ்த்தளங்களில் வேகமாக ஊற்றும். மேல்தள வீட்டில் வளையம் செருகிவிட்டு "தண்ணீரே வரவில்லை" என்ற புகாரோடு திரும்புவது வழக்கமாக நடக்கிற தவறு. அளக்காமல் எங்கும் வளையம் போடாதீர்கள். ஏற்கெனவே 5 லிட்டர் வருகிற குழாயைத் தொடவே வேண்டாம்.

வளையத்தைக் குளியல் குழாயில் போடுவது இப்படி: ரப்பர் குழல் கலப்புக் குழாயோடு சேரும் இடத்தில் உள்ள மரையைக் கையால் தளர்த்துங்கள். குழலுக்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அதை எடுத்து, வளையத்தை அகன்ற விளிம்பு நீர் வரும் பக்கத்தைப் பார்க்கும்படி உள்ளே வைத்து, அதன்மேல் வாஷரைத் திரும்பப் போட்டு, கையாலேயே முறுக்குங்கள். ஸ்பானரால் இறுக்கினால் பிளாஸ்டிக் மரை வெடித்துவிடும். வாஷரைப் போட மறந்தால் மூட்டில் கசியும். ஒரு நிமிடம் திறந்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள்.

உடனடிச் சுடுநீர்ச் சாதனம் உள்ள வீட்டில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அதற்குள் நீர் குறிப்பிட்ட வேகத்துக்குக் குறைந்தால் சூடேற்றி தானாக நின்றுவிடும். வளையம் போட்டபின் சுடுநீரை இயக்கி இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். சூடாகி, குளிர்ந்து, மீண்டும் சூடானால் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். அந்த வீட்டில் குளிக்கும் நிமிடங்களைக் குறைப்பதுதான் வழி, குழாயின் வேகத்தைக் குறைப்பது இல்லை. பழைய குழாய்த்தலை சுண்ணாம்புக் கறை படிந்து பக்கவாட்டில் பீச்சினால் புதிது வாங்குவதே மேல். வாங்கும்போது அட்டையில் நீர்ச் சிக்கனத்தைக் காட்டும் டிக் குறிகளையும் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அச்சிட்டிருப்பதையும் பாருங்கள், மூன்று டிக் உள்ளதே குறைவாக ஊற்றும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வசிக்கும் சிங்கப்பூரர் குடும்பங்களுக்கு, சிக்கனச் சாதனங்கள் வாங்க அரசாங்கத்திடமிருந்து கிடைக்கும் பருவநிலைப் பற்றுச்சீட்டுகளை மூன்று டிக் குளியல் குழாய்க்கும் பயன்படுத்தலாம். சிங்பாஸ் பயன்படுத்தத் தெரியாத முதியவர்கள் பலர் அதை எடுக்காமலே வைத்திருக்கிறார்கள். அவர்கள் கைப்பேசியை நாம் வாங்கிச் செய்யக்கூடாது. சமூக மன்றத்தில் உதவி மேசை இருக்கும் நாளைச் சொல்லி, முடிந்தால் கூடவே போங்கள்.

கழிவறைத் தொட்டி

இவ்வளவு வேலையிலும் அதிக நீரை மிச்சப்படுத்துவது இதுதான். குழாய் சொட்டினால் சத்தம் கேட்கும், யாராவது சரிசெய்வார்கள். கழிவறைத் தொட்டியின் அடி வளையம் கசிந்தால் சத்தமே இருக்காது. பின்சுவரை ஒட்டி நீர் கண்ணாடித் தகடுபோல மெல்ல வழுக்கிக்கொண்டு போகும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் அந்த இடம் மட்டும் மினுங்கும். காய்ந்த காகிதத் துண்டு ஒன்றைப் பீங்கானின் பின்சுவரில் ஒட்டிப் பாருங்கள், கசிந்தால் சில வினாடிகளில் நனைந்து கீழே சரியும்.

முறையான சோதனைக்குத் தொட்டி மூடியைத் திறந்து ஐந்தாறு சொட்டு வண்ணம் விட்டு, 15 நிமிடம் யாரும் விசையை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கழிவறைக் கதவைச் சாத்திவைப்பது நல்லது. 15 நிமிடத்துக்குப் பின் கோப்பையில் வண்ணம் தெரிந்தால் கசிவு உறுதி. எங்கே என்பதை அடுத்துப் பார்க்கவேண்டும். தொட்டிக்குள் நடுவில் நிற்கும் வழிகுழாயின் வாய்வரை நீர் நின்றால் குறை மிதவையில் இருக்கிறது: நீர் நிற்கவேண்டிய மட்டத்தைத் தாண்டி ஏறி வழிகிறது. மிதவையின் திருகைச் சுற்றி, வழிகுழாயின் வாய்க்கு 2 அல்லது 3 செண்டிமீட்டர் கீழே நீர் நிற்கும்படி இறக்கினால் முடிந்தது. நீர்மட்டம் கீழே இருந்தும் வண்ணம் கசிந்தால் அடி வளையம் கெட்டிருக்கிறது.

அடி வளையத்தை மாற்றுவது கடினமில்லை. தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் உள்ள சிறிய வால்வை வலப்புறமாகத் திருகி மூடுங்கள். விசையை அழுத்தித் தொட்டியைக் காலி செய்யுங்கள். நடுவில் நிற்கும் கோபுரம் போன்ற பாகத்தைக் கால் சுற்று இடப்புறம் திருப்பினால் பெரும்பாலான தொட்டிகளில் கழன்று வந்துவிடும். அதன் அடியில் தட்டையான ரப்பர் வளையம் இருக்கும். விரலால் தடவினால் கறுப்பு மை போலக் கையில் ஒட்டும், அல்லது விளிம்பு கெட்டியாகி வளைந்திருக்கும். இரண்டில் எதுவானாலும் புதிது போடவேண்டியதுதான். அவசரத்துக்கு வளையத்தைத் திருப்பிப் போட்டால் சில வாரம் தாங்கும். வளையம் உட்காரும் பிளாஸ்டிக் விளிம்பைத் துணியால் துடைக்காமல் புதிதைப் போட்டால் பழைய படிவின் மேல் உட்கார்ந்து மறுபடி கசியும். சரிசெய்தபின் கசிவு நிற்கவில்லை என்று வருகிற புகார்கள் பெரும்பாலும் இதனால்தான்.

வளையங்கள் ஒரே அளவில் வருவதில்லை. பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு, தொட்டி மூடியின் உட்புறத்தில் பொறித்திருக்கும் பெயரையும் படம் எடுத்துக்கொண்டு வன்பொருள் கடைக்குப் போங்கள். சுவர் வால்வே திருகமுடியாமல் இறுகியிருந்தால் அதைப் பலம்கொண்டு திருப்பவேண்டாம். அது உடைந்தால் வீடு முழுக்க நீர், கீழ்வீட்டுக் கூரையிலும் நீர். அங்கே நிறுத்திக்கொண்டு உரிமம் பெற்ற குழாய்த் தொழிலாளரை அழைக்கச் சொல்லுங்கள். புதிய குழாய் இழுப்பது, இணைப்பை மாற்றுவது எல்லாமே அவர்களுடைய வேலை. தொட்டிக்குள் செங்கல் வைக்கும் பழைய யோசனையும் வேண்டாம். செங்கல் கரைந்து மணல் அடி வளையத்தில் சிக்கும், அதன்பின் கசிவைத் தேடி அலையவேண்டிவரும். போதாத நீரில் இரண்டுமுறை அழுத்துவதால் மிச்சமும் இல்லை.

கணக்கை வீட்டாரிடம் சொல்லுங்கள். மணிக்கு 10 லிட்டர் கசிந்தால் நாளுக்கு 240 லிட்டர், மாதத்துக்கு 7.2 கன மீட்டர். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 40 கன மீட்டர்வரை ஒரு கன மீட்டருக்குப் பொருள் சேவை வரிக்கு முன் 3.24 வெள்ளி. அப்படியென்றால் மாதம் 23 வெள்ளிக்கு மேல், யாரும் பயன்படுத்தாத நீருக்கு. மின், நீர்க் கட்டணத்துக்கு அரசாங்கம் காலாண்டுதோறும் தரும் யூ-சேவ் தள்ளுபடியைச் சொல்லி, "அதில் கழிந்துவிடுகிறதே" என்பார்கள் சிலர். தள்ளுபடி கட்டணத்தைத்தான் கழிக்கும். நீர் போனது போனதுதான், அடுத்த காலாண்டில் மின்கட்டணத்துக்கு உதவியிருக்கவேண்டிய தொகையும் சேர்ந்து போகிறது. இதைக் கண்டிப்புத் தொனியில் சொல்லாமல், கூட்டல் கணக்காக எழுதிக் காட்டினால் போதும்.

மீட்டரும் கட்டணச் சீட்டும்

வீட்டு மீட்டரில் கறுப்பு எண்கள் கன மீட்டர், சிவப்பு எண்கள் அதன் பின்னங்கள். படுக்கப்போகும் முன் எல்லா எண்களையும் படம் எடுத்து, காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்குமுன் மறுபடி எடுத்து ஒப்பிட்டால் கசிவு தெரிந்துவிடும். இரவில் கழிவறைக்கு எழுந்தவர்கள் எத்தனை முறை அழுத்தினார்கள் என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டு முறைக்கு 9 லிட்டர் போனதைக் கசிவு என்று எண்ணி ஓடவேண்டியதாகும்.

கட்டணச் சீட்டை வைத்து மாதத்துக்கு மாதம் ஒப்பிடுபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மீட்டர் பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் நேரில் பார்க்கப்படுகிறது, இடைப்பட்ட மாதத்தின் எண் ஊகக் கணக்கு. குழாய்த்தலையை மாற்றிய அல்லது நீர்ச் சிக்கன வளையம் போட்ட மாதம் ஊக மாதமாக இருந்தால் சீட்டில் ஒரு மாற்றமும் தெரியாது. "மாற்றினோம், ஒன்றும் குறையவில்லை" என்று வீட்டார் மனம் சலித்து வளையத்தைக் கழற்றிவிடுவார்கள். கட்டணச் சீட்டு அனுப்பும் எஸ்பி குழுமத்துக்கு மீட்டர் எண்ணை நாமே அனுப்பலாம். அல்லது நேரில் பார்த்த இரு மாதங்களை மட்டும் ஒப்பிடலாம். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடவேண்டும். திறன் மீட்டர் பொருத்திய பேட்டைகளில் இந்தச் சிக்கல் இல்லை.

ஒருவருக்கான கணக்கு எளிது. சீட்டில் உள்ள கன மீட்டரை 1,000ஆல் பெருக்கி, நாள்களாலும் ஆள்களாலும் வகுக்கவேண்டும். ஐந்து பேர் வீட்டில் 30 நாளில் 21 கன மீட்டர் என்றால் ஆளுக்கு 140 லிட்டர். பணிப்பெண்ணையும் கைக்குழந்தையையும் ஆள்கணக்கில் சேருங்கள். பகலில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டி வீட்டில் எண் ஏறித்தான் இருக்கும், அது வீண்செலவு இல்லை. இதற்காகவே வீடுகளின் எண்களைப் பலகையில் போட்டு வரிசைப்படுத்தக்கூடாது. அப்படிச் செய்த இடங்களில் அடுத்த சுற்றுக்குக் கதவுகள் திறப்பதில்லை. புளோக் முழுவதுக்கும் சேர்த்து ஒரே எண் போடுங்கள்: இத்தனை வீடு பார்த்தோம், இத்தனை தொட்டிக் கசிவு அடைத்தோம் என்று.

ஆறு வாரம் கழித்து மறுபடி போகவேண்டும். முதல் வருகையைவிட இது முக்கியம், இதற்குத்தான் ஆள் குறைவாக வருவார்கள். பராமரிப்புக்காகத் தண்ணீரை நிறுத்தி மீண்டும் விட்டபின் குழாயில் வந்த மண்துகள் நீர்ச் சிக்கன வளையத்தில் அடைத்திருக்கும். வீட்டார் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டிருப்பார்கள். அலசி மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்பதைச் சொல்லிக்கொடுக்க இரண்டாம் வருகைதான் வாய்ப்பு.

நம் சமையலறைகளைப் பற்றித் தனியாக ஒரு சொல். ஓடும் குழாயின் கீழ் பாத்திரம் தேய்ப்பதுதான் நம் வீடுகளில் அதிகம். நிமிடத்துக்கு 8 லிட்டரில் பத்து நிமிடம் என்றால் 80 லிட்டர். குழாயை மூடிவிட்டுத் தேய்த்து, ஒரு தொட்டியில் 8 லிட்டர் பிடித்து முதல் அலசல், இன்னொரு 8 லிட்டரில் இரண்டாம் அலசல் என்று செய்தால் குக்கரும் தோசைக்கல்லும் உட்பட முடிந்துவிடும். அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றுவது நல்ல பழக்கம்தான், அன்றைக்கே ஊற்றிவிடவேண்டும். வைத்திருந்தால் புளித்து நாறும்.

எந்தக் கால்வாய் எங்கே போகிறது

தொட்டியில் ஊற்றுவதும் கால்வாயில் ஊற்றுவதும் ஒன்றென்றே பலர் நினைக்கிறார்கள். இங்கே இரண்டும் முற்றிலும் தனித்தனி. சமையலறைத் தொட்டி, கழிவறை, குளியலறை நீர் கழிவுநீர்க் குழாயில் சேர்ந்து சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது, அதன் ஒரு பகுதி புதுநீராக, அதாவது மறுபடி பயன்படுத்தும் தூய நீராக, மீள்கிறது. புளோக்கைச் சுற்றியுள்ள திறந்த கால்வாயும் சாலையோரக் கால்வாயும் மழைநீருக்கானவை. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால் அந்த நீர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. தேக்காவில், சிராங்கூன் சாலைப் பக்கம் கால்வாயில் விழுவது ரோச்சோர் கால்வாய் வழியாக மெரினா நீர்த்தேக்கத்தை அடைகிறது. 2008இல் மெரினா அணைக்கட்டு திறந்தபின் தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழைநீர் அங்கேதான் சேர்கிறது. அதைத்தான் சுத்திகரித்துக் குடிக்கிறோம்.

இது தெரிந்தால் கீழ்த்தளத்துத் திருமணத்தையும் பொங்கல் விழாவையும் வேறு விதமாக ஏற்பாடு செய்வோம். விருந்து முடிந்த இரவில் மிச்ச சாம்பாரும் ரசமும் எண்ணெயும் கீழ்த்தள ஓரத்துச் சிறு கால்வாயில் கொட்டப்படுவதுதான் நம் நிகழ்ச்சிகளின் பெரிய குறை. எண்ணெய் கால்வாய்ச் சுவரில் படிந்து கரப்பானையும் எலியையும் அழைக்கும். குழம்பையும் பாலையும் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் சாகும். தீர்வுக்குப் பெரிய செலவில்லை. பரிமாறும் இடத்துக்குப் பின்னால் மூடியுள்ள 20 லிட்டர் வாளிகள் இரண்டும் ஒரு பெரிய வடிகட்டியும் வையுங்கள். குழம்பு மிச்சத்தை வடிகட்டி வழியாக வாளியில் ஊற்றினால் திடக்கழிவு மேலே தங்கும், அது குப்பைப் பைக்கு. கீழே சேர்ந்த நீரை உணவு ஏற்பாட்டாளர் தம் சமையற்கூடத்துக்கே எடுத்துப்போய்க் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றவேண்டும். இதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். இரவு பதினொன்றுக்குச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். எண்ணெயைப் பழைய செய்தித்தாளில் ஊறவைத்துக் குப்பையில் போடுங்கள். அண்டாக்களை அங்கே கழுவவே வேண்டாம். பொங்கல் பானை பொங்கி வழிந்த பாலையும் சாம்பலையும் கோலமாவையும் முதலில் கூட்டி அள்ளுங்கள், அதன்பின் ஈரத்துணியால் துடையுங்கள். தண்ணீர் பீய்ச்சித் தள்ளினால் எல்லாம் கால்வாய்க்குத்தான் போகும்.

கால்வாய்களையும் கரைகளையும் கண்காணிக்கும் வேலைக்கு முன்மாதிரி நம்மிடையே இருக்கிறது: 1998இல் தொடங்கிய நீர்வழிக் கண்காணிப்புச் சங்கத்தின் தொண்டூழியர்கள் சைக்கிளிலும் துடுப்புப் படகிலும் போய்க் குப்பை எடுக்கிறார்கள். புளோக் அளவில் மாதம் ஒரு காலை, ஒரே பாதையில், ஒரே நேரத்தில் நடந்து எந்த மூலையில் எது கிடக்கிறது என்று எழுதிவந்தால் போதும். மூன்று மாதத்தில் இடம் பிடிபட்டுவிடும். பெரும்பாலும் அது குப்பைத்தொட்டி நிரம்பி வழிகிற ஒரே இடமாகவோ, பிளாஸ்டிக் கோப்பையோடு மாலையில் உட்காரும் ஒரே இருக்கையாகவோ இருக்கும். குடியிருப்புக் குறைகளைத் தெரிவிக்கும் ஒன்சர்விஸ் செயலியில் படத்தோடு அந்த இடத்தைத் தெரிவித்து, தொட்டியை இடம் மாற்றக் கேளுங்கள். கால்வாய்க்குள் யாரையும் இறக்காதீர்கள். இங்கே மழை சொல்லிவிட்டு வராது, சில நிமிடங்களில் நீர் இடுப்புக்கு ஏறிவிடும்.

தோட்டத்துப் பீப்பாய்

சமூகத் தோட்டத்தில் மழைநீர்ப் பீப்பாய் வைக்க எல்லாருக்கும் ஆசை. நகர மன்றத்திடம் அனுமதி வாங்கியபின் முதலில் கணக்குப் போடுங்கள். கருவி வைக்கும் கொட்டகையின் கூரை 2 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் 6 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 150 லிட்டர், சிதறல் போக 120 லிட்டர் கைக்கு வரும். ஆக 200 லிட்டர் பீப்பாய் ஒன்று போதும். செலவுப் பக்கம் பாருங்கள்: வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு 4 அல்லது 5 லிட்டர் வேண்டும். 20 சதுர மீட்டரில் வெண்டையும் கீரையும் இருந்தால் நாளுக்கு 80 முதல் 100 லிட்டர். பீப்பாய் இரண்டே நாளில் காலி. எங்கள் கருத்தில், இரண்டாம் பீப்பாய்க்குச் செலவிடுவதைவிடப் பாத்திமேல் 5 செண்டிமீட்டர் காய்ந்த இலைச் சருகைப் பரப்புவது அதிகம் பயன்தரும். சருகைத் தண்டை ஒட்டிக் குவிக்காமல் நான்கு விரல் தள்ளிப் போடவேண்டும், இல்லாவிட்டால் தண்டு அழுகும்.

பீப்பாய் உணவுப்பொருள் வந்ததாக இருக்கட்டும், ரசாயனம் வந்தது கூடாது. ஒளி புகாத நிறம் வேண்டும், வெள்ளைப் பீப்பாயில் பாசி பிடிக்கும். நிரம்பினால் 200 கிலோவுக்கு மேல் கனக்கும். மண்மேல் நேராக வைத்தால் இரண்டு மழையில் ஒரு பக்கம் அமிழ்ந்து சாயும். கற்பலகை போட்டு அதன்மேல் கான்கிரீட் கட்டிகளை அடுக்கி 40 செண்டிமீட்டர் உயரத்தில் மட்டம் பார்த்து வையுங்கள். அந்த உயரம் பூவாளியை அடியில் வைக்கப் போதும். நீண்ட ரப்பர் குழாயில் அழுத்தத்தோடு பீய்ச்சும் என்று எதிர்பார்க்கவேண்டாம். குழாயை அடியிலிருந்து 10 செண்டிமீட்டர் மேலே பொருத்தினால் சேறு அதில் வராது.

கூரையிலிருந்து முதலில் வருவது பறவை எச்சமும் தூசும். அதைத் தள்ளிவிட 100 மில்லிமீட்டர் குழாயில் 75 செண்டிமீட்டர் நீளத் துண்டை, பீப்பாய்க்குப் போகும் கிளைக்கு முன்னால், செங்குத்தாகக் கீழே தொங்கவிட்டு அடியை மூடியால் அடையுங்கள். அதில் 6 லிட்டர் பிடிக்கும், 6 சதுர மீட்டர் கூரையின் முதல் 1 மில்லிமீட்டர் மழைக்குச் சரியான அளவு. அது நிரம்பியபின் வரும் நீர் பீப்பாய்க்குத் திரும்பும். மூடியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் மழை நின்றபின் தானாக வடிந்துவிடும். துளை போடாமல் விட்டால் அந்தக் குழாயே கொசுத் தொட்டியாகிவிடும்.

கொசு விஷயத்தில் ஒரு தவறுகூட நடக்கக்கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். நீர் உள்ளே வரும் வாயிலும், வழிந்து வெளியேறும் வாயிலும், காற்றுத் துளையிலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த கண்ணுள்ள துருப்பிடிக்காத வலையை இரும்புப் பட்டையால் இறுக்குங்கள். எல்லாரும் மேல் வாயை வலையிட்டுவிட்டு வழிவாயை மறப்பார்கள், கொசு அந்த வழியாகத்தான் போகும். வலையில் சருகு தேங்கினால் அதன்மேலேயே நீர் நிற்கும், ஆகவே வாரம் ஒருமுறை, யார் முறை என்று பெயரெழுதிய பட்டியலோடு, தட்டிச் சுத்தம் செய்யவேண்டும். கொசுப்புழுவைக் கொல்லும் பிடிஐ மருந்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் போடலாம், வலைக்கு அது ஈடாகாது. 'குடிக்கத் தகாத நீர்' என்று நான்கு மொழியிலும் எழுதி ஒட்டுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் இந்தப் பீப்பாயைக் குடிநீர்க் குழாயோடு இணைக்காதீர்கள். குழாயில் அழுத்தம் குறையும் நேரத்தில் பீப்பாய் நீர் குடிநீருக்குள் உறிஞ்சப்பட வழியுண்டு.

ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரிலும் பிப்ரவரி வறண்டுபோகும். 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் மழையில்லை. அந்த மாதத்தில் கீரை விதைக்காமல் பாத்தியில் பாதியைச் சருகு மூடி ஓய்வுக்கு விடுங்கள். மீதிக்குக் காலை எட்டுக்கு முன் அடித்தண்டில் ஊற்றுங்கள். பீப்பாய் காலியாகக் கிடக்கும் வாரம்தான் அதைக் கழுவும் வாரம். சேற்றை அள்ளிச் செடிக்கே போட்டுவிட்டு, உட்சுவரை, குறிப்பாக நீர்மட்டக் கறை படிந்த வளையத்தை, நைலான் தூரிகையால் அழுத்தித் தேயுங்கள். ஏடிஸ் முட்டைகள் அந்த வளையத்தில்தான் ஒட்டியிருக்கும். காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருந்து, அடுத்த மழையில் நீர் தொட்டதும் பொரிந்துவிடும்.